குறிஞ்சா இலையும் கிளினிக் கொப்பியும்

முரசுமோட்டை

எனக்குச் சீனி வருத்தம் பிடிபட்டது 2016இல. வயசு அப்ப 46. வெறுவயித்தில 212. கிளினிக்கில மெற்போமின் குளிசை தந்து, சீனி அளவும் மருந்தும் எழுதிற கொப்பியும் ஒண்டு தந்து விட்டிச்சினம். குளிசை போட்டால் வயித்தைப் பிரட்டும். காலமை வயலுக்க இறங்கினால் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பத்தைக்குள்ள ஓட வேணும். எழுத வெக்கமாத்தான் கிடக்கு, ஆனா கனபேர் குளிசையை நிப்பாட்டுறது உதாலதான். சாப்பாட்டோட போட்டால் உந்தத் தொல்லை குறையும் எண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லை. சொல்லியும் என்ர மண்டையில ஏறேல்லையோ தெரியாது.

மாமிதான் வேலியில படர்ந்து கிடந்த சிறுகுறிஞ்சாவைக் காட்டினவா. குறிஞ்சாவில ரெண்டு இருக்கு, மாறிப் பிடுங்கிப்போடாதேங்கோ. நாங்கள் வறை வறுக்கிறது பெரிய இலைக்காறன். இது சின்ன இலை, மெல்லிய கொடி. ரெண்டு இலையைச் சப்பிப்போட்டுச் சீனியை நாக்கில வைச்சுப் பாருங்கோ. மணல்! வாய்க்கால் மணலைக் கழுவி வாயில போட்ட மாதிரி. பனங்கட்டியைக் கடிச்சால் மெழுகுதிரியைக் கடிக்கிற மாதிரி. அரை மணித்தியாலத்துக்கு மேல அப்பிடியே நிக்கும். எனக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போடுற பழக்கம் விட்டுப்போனது அதாலதான். சீனி எவ்வளவு இறங்கினது எண்டு கேட்டால், பெரிசா ஒண்டுமில்லை. 190, 180 எண்டு நிண்டது.

பிறகுதான் என்ர மோட்டு வேலை. றோட்டோரத்தில வான் விட்டு வித்த ஒருத்தனிட்ட ஒரு போத்தல் பொடி வாங்கினன். கறுத்த மண்ணிறம், வெந்தய மணம். "இங்கிலீசுக் குளிசையை இண்டைக்கே எறியுங்கோ அண்ணை, ஒரு மாதத்தில பாயாசம் குடிக்கலாம்" எண்டான். எறிஞ்சன். ஒம்பதாம் நாள் பக்கத்து வீட்டு மெசினில குத்திப் பாத்தால் 110. ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சன். நாலு பேரை வாங்கவும் வைச்சன். அந்த நாலு பேரின்ர முகத்தை இப்பவும் நேர பாக்கேலாமல் கிடக்கு.

சிறுபோகம். குளத்துத் தண்ணி எங்கட முறைக்கு இரவு பத்து மணிக்குத்தான் வரும். வரம்பில இருந்து வழமை மாதிரி ரெண்டு குறிஞ்சா இலை சப்பிப்போட்டு மண்வெட்டியோட இறங்கினன். கொஞ்ச நேரத்தால உடம்பெல்லாம் வேர்வை. பனிக்காத்து வீசுது, எனக்குச் சேட்டுப் பிழியலாம் போல. கை நடுங்கி மண்வெட்டி வழுகி விழுந்திட்டுது. எந்தப் பக்கம் மடை எண்டே தெரியேல்லை. மகன் ரோச் அடிச்சுப் பாத்து, தூக்கிக்கொண்டு வீட்டை வந்தான். மனிசி சீனியைக் கரைச்சுப் பருக்கினா. எனக்கு அது பச்சைத் தண்ணி. "சீனியைப் போடடி எண்டால் வெறுந்தண்ணியைத் தாறாய்" எண்டு கத்தினனாம். அவ அழுதழுது இன்னும் ரெண்டு கரண்டி அள்ளிப் போட்டிருக்கிறா. எனக்கு அதுவும் தண்ணி! நாக்குக்குத்தான் தெரியேல்லை, இரத்தத்துக்குத் தெரிஞ்சிருக்கு. கால் மணித்தியாலத்தில ஆள் விளங்கிச்சுது. சீனி குடிச்ச பிறகும் மெசினில 58தான். 70க்குக் கீழ போனாலே ஆபத்தாம்.

ஆசுபத்திரியில ஒரு நாள் மறிச்சு வைச்சிருந்திச்சினம். இறங்கின சீனி திரும்பவும் இறங்கலாம் எண்டு. டொக்டர் பொடிப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். வெறும் இலை இப்பிடி இழுத்து விழுத்தாது, குளிசை இடிச்சுக் கலந்திருக்கலாம் எண்டார். சீனியை இறக்கிற கிளிபென்கிளமைட் எண்ட குளிசை "மூலிகைப் பொடி"க்குள்ள இருந்து பல நாடுகளில பிடிபட்டிருக்காம். என்ர போத்தலுக்குள்ள அதுதான் இருந்தது எண்டு ஆரும் நிறுவேல்லை. பொடியை விட்டுப் பத்து நாளில 230க்கு ஏறினது மட்டும் எனக்குத் தெரியும்.

இப்ப ஒரு பரியாரியாரிட்டப் போறன். அவர் நாடி பாக்க முதல் கேட்டது "கொப்பி எங்க?" எண்டுதான்.

உங்கட கதையளையும் எழுதுங்கோ. நல்லதும் கெட்டதும்.

வவுனியா

அண்ணை, நீங்கள் பொடி. எங்கட அப்பா காமரங்காய்.

யாரோ கைபேசியில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, காமரங்காய் சீனியைக் குறைக்குமென்று விடிய வெறும் வயிற்றில் பெரிய கிளாஸ் நிறையச் சாறு குடிச்சார். ஒரு கிழமை. மரம் வளவுக்குள்ளேயே நிண்டது, காசில்லாத மருந்து, எங்களுக்கும் சந்தோசம். பிறகு சத்தி. அதோட விக்கல். சாதாரண விக்கல் இல்லை, இரண்டு நாள் இரவு பகலாக. தண்ணி குடிச்சும் நிற்கேல்லை, மூச்சடக்கியும் நிற்கேல்லை. அம்மா யாரோ நினைக்கினம் எண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தா. சலம் போறதும் குறைஞ்சிட்டுது.

ஆசுபத்திரியில் இருந்த இளம் டொக்டர் விக்கல் என்றதும் கேட்ட முதல் கேள்வி: "காமரங்காயோ பிலிம்பிக்காயோ குடிச்சவரோ?" நாங்கள் ஆளையாள் பார்த்தம். அந்தக் காய்களில் ஒக்சலேற் அதிகம், அது பளிங்கு பளிங்காகச் சிறுநீரகத்தில் போய் அடைக்கும். காமரங்காயில் மூளையைத் தாக்கிற நஞ்சும் இருக்கு, நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிப்போடும், பழுதான சிறுநீரகத்தால் ஏலாது. நீரிழிவுக்காரருக்குச் சிறுநீரகம் ஏற்கனவே தேய்ஞ்சிருக்கும், அதிலும் எங்கட பக்கம் சிறுநீரக வருத்தம் மலிஞ்ச இடம். அப்பாவுக்கு ஐந்து தரம் டயலிசிஸ் செய்தார்கள். உயிர் தப்பினது. சிறுநீரகம் பழைய நிலைக்கு வரேல்லை. மரத்தை நான் தறிக்கச் சொன்னேன். அம்மா விடேல்லை, பிள்ளைகள் உப்புத்தூள் தொட்டுத் தின்னட்டுமாம்.

மல்லாவி

எனக்கு உங்களைப்போல பெரிய கதை இல்லை. ஆவரசம்பூ காயவைச்சு அவிச்சுக் குடிக்கிறன், கிழமையில ரெண்டு நாள் பாவற்காய், மற்றபடி கிளினிக் குளிசை. மூண்டு மாதச் சராசரி பாக்கிற ரெஸ்ற் 8.4இல இருந்து 7.3க்கு வந்தது. ஆவரசுக்குத்தான் பேர் எண்டு சொல்ல ஆசை. ஆனா அதே காலத்தில நான் சீனி போட்ட பால்த்தேத்தண்ணி மூண்டையும் விட்டு, இரவுச் சோத்தையும் பாதியாக்கி, பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில போகத் தொடங்கினன். எது வேலை செய்தது எண்டு ஆருக்குத் தெரியும்.

குரக்கன் புட்டைப் பற்றி ஒண்டு. சீனிக்கு நல்லம் எண்டு நீத்துப்பெட்டி நிறைய அவிச்சு, ஒரு முழுத்தேங்காயும் துருவிப் போட்டுச் சாப்பிடுற ஆக்கள் எங்கட வீட்டிலயே இருக்கினம். குரக்கனும் மாதான்.

ஒட்டுசுட்டான்

பிரதேச சபை மருந்தகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற சித்த மருத்துவன் நான். முரசுமோட்டைத் தம்பியின் பரியாரியார் கொப்பியைக் கேட்டாரே, அந்த மனிதரை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் மருத்துவத்தில் இதற்கு மருந்து இல்லையென்று யாரும் நினைக்க வேண்டாம். ஆவாரைக் குடிநீர் என்ற கசாயத்தில் ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருது என்று ஏழு சரக்கு. கடலழிஞ்சிலைத்தான் சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு என்பார்கள். அதன் கட்டையில் கடைந்த கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பதைத் தென்பகுதியில் கண்டிருக்கிறேன். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தச் செடியிலிருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நாம் உண்ணும் சோற்றைச் சீனியாக உடைக்கும் நொதியை அது தடுக்கிறது. ஆகவே அதன் வேலை சாப்பாட்டோடுதான். இன்னொன்று: நீங்கள் எறிந்த "இங்கிலீசுக் குளிசை" மெற்போமினின் பூர்வீகமும் ஒரு செடிதான், ஐரோப்பாவில் நெடுங்காலம் மருந்தாகப் பயன்பட்டது.

என்னைச் சேவையில் மிகவும் உலுக்கிய நாள் ஒன்று. பதினொரு வயதுப் பிள்ளையைத் தாய் கூட்டிவந்தார். மெலிந்து, கண் உள்ளே போய், மூச்சில் பழுத்த பழ வாசம். இன்சுலின் ஊசியை நிறுத்தி ஐந்து நாள். "ஊசி குத்திக் குத்திப் பிள்ளையின் தொடையெல்லாம் தழும்பு ஐயா, ஒரு கசாயம் தாருங்கோ" என்றார். சிறுவயதில் வரும் அந்த வகையில் உடல் இன்சுலினைச் சுரப்பதே இல்லை. 1922இல் முதல் இன்சுலின் ஊசி ஒரு பையனுக்குப் போடப்படும்வரை இப்படிப்பட்ட பிள்ளைகள் சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ இறந்துபோனார்கள். எந்தக் கசாயமும் காப்பாற்றவில்லை. நான் அந்தத் தாயோடு பேசிக்கொண்டு நிற்கவில்லை. மருந்தகத்தைப் பூட்டி, ஓட்டோ பிடித்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டது. பிழைத்துக்கொண்டது.

அன்று கசாயம் கொடுத்திருந்தால் தாய் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். அதை நினைத்தால் இன்னும் நித்திரை வராது.

முரசுமோட்டை

ஐயா, உங்கட பதிவை மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன். அவ ஒண்டும் பேசேல்லை, எழும்பிப் போய்க் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால வைச்சா.

கன பேர் கேட்டதுக்கு: இப்ப மெற்போமின் ரெண்டு நேரம், சாப்பாட்டோட. பரியாரியாரின்ர குடிநீர் காலமை ஒரு நேரம். எப்ப குடிக்கத் தொடங்கினன் எண்டதைக் கொப்பியின்ர கடைசிப் பக்கத்தில அவரே எழுதி, கிளினிக்கில காட்டச் சொன்னவர். டொக்டர் வாசிச்சுப்போட்டுப் பக்கத்தில ஒரு கோடு போட்டார், ஏசேல்லை. போன தரம் மூண்டு மாதச் சராசரி 6.9.

குறிஞ்சாவை இப்ப வீட்டிலதான் சப்புறது, வயலில இல்லை. சேட்டுப் பொக்கற்றில ரெண்டு ரொபி எப்பவும் கிடக்கும். எறும்பு மொய்ச்சு மனிசியிட்ட ஏச்சு வாங்கிறன். போன கிழமை வேலிக் கொடியை அடுத்த வளவு மாடு திண்டுபோட்டுது. அடி நிக்குது, மழை பெய்தால் துளிர்க்கும். தடி வேணுமெண்டால் அப்ப வாங்கோ.