டொக்டருக்குக் கணினி விளங்கவில்லை, எனக்கு மருத்துவம் விளங்கவில்லை: எங்கே ஆரம்பிப்பது?

ஹட்டன்_பொடியன்:
எங்கள் பக்கத்துத் தனியார் கிளினிக் ஒன்றுக்கு சீனி வருத்தம், பிரஷர் நோயாளிகளைப் பதிய ஒரு மென்பொருள் செய்கிறேன். டொக்டர் கெட்டிக்காரர், ஆள் நடந்து வருவதைப் பார்த்தே பாதி வருத்தத்தைச் சொல்லிவிடுவார். ஆனால் என்னென்ன வேண்டும் என்று கேட்டால் "கொப்பியில் இருக்கிற மாதிரியே வரட்டும்" என்பதோடு சரி. கொப்பியைத் திறந்தால் பிடி, டிடிஎஸ், நொக்டே. யாராவது வழி சொல்லுங்கள்.

நுவரெலியா_மிஸி:
தம்பி, பிடி இரண்டு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை, நொக்டே இரவுக்கு. அதை அரை மணித்தியாலத்தில் படித்துவிடலாம், எனக்குப் பயம் வேறு இடத்தில். மருந்துப் பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்டியதும் மெட்ஃபோர்மினும் மெட்ரோனிடசோலும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். ஒன்று சீனிக்கு, மற்றது கிருமிக்கு, கிளினிக் நாளில் வாசல் வரைக்கும் சனம் நிற்கும்போது கை தவறுவது பெரிய விஷயமே இல்லை. தைரொயிட் மருந்தான தைரொக்சின் மைக்ரோகிராமில் கொடுப்பது. உங்கள் பெட்டியில் மில்லிகிராம் மட்டும் இருந்தால் ஆயிரம் மடங்கு! டொக்டரை மட்டும் கேட்காதீர்கள், மருந்து கொடுக்கிற ஜன்னலில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள்.

மலையக_டொக்டர்:
மிஸி சொல்வது முழுக்கச் சரி. இன்னொன்று, இரத்தச் சீனி ஒரு லேபில் 126 என்று வரும், இன்னொன்றில் 7 என்று வரும், இரண்டும் ஒரே அளவுதான், அலகுதான் வேறு. அலகையும் சேர்த்தே பதியுங்கள். எங்களுக்கு இதெல்லாம் கண்ணில் பட்டதும் விளங்கிவிடுவதால் வாயால் சொல்லத் தோன்றாது, உங்கள் டொக்டரும் அப்படித்தான், மறைக்கவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் டொக்டர்மாருக்கென்றே மருத்துவத் தகவலியல் முதுமாணிப் படிப்பு இருக்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது சுகாதாரத் தகவல்களைச் சேர்க்கிற டிஎச்ஐஎஸ்2 என்ற மென்பொருளை நம் நாட்டுக்கு ஏற்றபடி அவ்வளவு வேகமாக மாற்ற முடிந்ததற்கு இரண்டு பக்கமும் தெரிந்த ஆட்கள் இருந்ததுதான் காரணம். அந்தப் படிப்பு முடித்த ஒருவரைப் பிடித்து உங்கள் வேலையைக் காட்டப் பாருங்கள்.

ஹட்டன்_பொடியன்:
மிக்க நன்றி இருவருக்கும். ஜன்னலில் நிற்க டொக்டரிடம் கேட்கிறேன். நோயாளியை அடையாளம் காணக் குடும்பப் பெயரும் போன் நம்பரும் கட்டாயம் என்று வைத்திருக்கிறேன், போதுமா?

நுவரெலியா_மிஸி:
ஐயோ வேண்டாம். தோட்டத்துச் சனத்துக்கு ஏது குடும்பப் பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தானே, கட்டாயம் என்று போட்டால் பதிகிறவர் வாயில் வந்ததைப் போட்டுவிடுவார். போன் நம்பரும் பல வயதானவர்களுக்குக் கொழும்பில் வேலை செய்கிற பிள்ளையுடையது, வீட்டில் நாலு பேருக்கும் அதே நம்பர்தான் வரும். கிளினிக்கே ஒரு இலக்கம் போட்டு, கொப்பி அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுக்கட்டும்.