அட்ஜஸ்டபிள் கேஸ் பிளாக் (சுடும்போது பேரல்லேர்ந்து துப்பாக்கிய இயக்க வர்ற வாயுவை ஸ்க்ரூவால கூட்டிக் குறைக்கற பாகம்) போட்டவங்க அனுபவம் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன், டெக்சாஸ்ல இருக்கேன், என்கிட்ட இருக்கறது 16 இன்ச் பேரல், கார்பைன் லெங்த் (குட்டையான) கேஸ் சிஸ்டம் வச்ச ஏஆர்-15 ரைஃபிள். சத்தம் குறைக்கற சப்ரஸர் மாட்டாத வரைக்கும் ஒரு குறையும் இல்ல, மாட்டினதும் சார்ஜிங் ஹேண்டில் (பின்னாடி இழுத்து லோடு பண்ற பிடி) ஓரமா புகை வந்து கண்ணு எரியுது, காலி தோட்டாக் கூடு ஒரு மணி திசையில முன்னாடி பறக்குது. ரேஞ்சுல ஒருத்தர் ஹெவி பஃபர் (பின்னாடி வர்ற போல்ட்டோட வேகத்தைத் தாங்கற எடை) போடச் சொன்னாரு, போட்டதுல உதை கொஞ்சம் கொறஞ்சுது, புகை அப்படியேதான். உள்ள வர்ற கேஸே அதிகம்னா பஃபர் என்ன பண்ணும் பாவம்.

அதனால பிளாக்கையே மாத்திட்டேன். வாங்கறதுக்கு முன்னாடி பேரலை கேலிப்பர் வச்சு அளந்துக்கங்க, பெரும்பாலும் 0.750 இன்ச் வரும், மெல்லிசு பேரல்னா 0.625, தடி பேரல்னா 0.936. அப்புறம் ஸ்க்ரூ எந்தப் பக்கம்னு பாருங்க, முன்பக்கம் இருந்தா ஹேண்ட்கார்டுக்குள்ள (பேரலைச் சுத்தி இருக்கற கைப்பிடி உறை) நீளமான ஆலன் கீ விட்டுத் திருப்பிடலாம், பக்கவாட்டுல இருந்தா ஒவ்வொரு தடவையும் ஹேண்ட்கார்டைக் கழட்டணும், யாரால முடியும். கிளிக் கிளிக்னு நிக்கற மாடலா வாங்குங்க, வெறும் ஸ்க்ரூன்னா சுடச்சுட தானா நகர வாய்ப்பு இருக்கு.

மாட்டும்போது பேரல் ஓட்டையும் பிளாக் ஓட்டையும் நேரா வரணும், முழு வித்தையும் அதுதான். பழைய ஹேண்ட்கார்டு கேப்பைக் கழட்டிட்டீங்கன்னா நிறைய பேரல்ல கேப் இருந்த அந்த 0.025 இன்ச் இடைவெளிய விட்டுத்தான் பிளாக்கை வைக்கணும், ஷோல்டரோட (பேரல் தடிமன் மாறற படி) ஒட்டி வச்சா ஓட்டை பாதி மூடிக்கும், நீங்க ஸ்க்ரூவைத் திருப்பிட்டே இருப்பீங்க, கேஸ் வராது.

ட்யூனிங் ரேஞ்சுலதான். ஸ்க்ரூவை நல்லா மூடிட்டு, மேகசின்ல ஒரே ஒரு ரவுண்டு போட்டு சுடணும், போல்ட் பின்னாடி லாக் ஆகலைன்னா ஒரு கிளிக் தொறந்து மறுபடி. லாக் ஆனதும் அதோட நிறுத்தாதீங்க, இன்னும் ஒண்ணு ரெண்டு கிளிக் தொறங்க. இப்ப எனக்கு காலி கூடு நாலு மணி திசையில விழுது, புகை சுத்தமா போகல ஆனா கண்ணு தப்பிச்சுது.

—

தம்பி, நான் பட்டாளத்துல இருந்தவன். இது எங்க எஸ்எல்ஆர் (செல்ஃப் லோடிங் ரைஃபிள்)லயே இருந்த சமாச்சாரம்தான், இஷாப்பூர்ல செஞ்ச 7.62. அதுல ரெகுலேட்டரை (கேஸ் அளவை மாத்தற திருகு) தொறந்தா மிச்ச கேஸ் வெளிய போயிடும், மூடினாத்தான் பிஸ்டனுக்கு வேகம், உங்களதுக்கு நேர் எதிர். முழுசா தொறந்து வச்சு ஒவ்வொரு கிளிக்கா மூடிட்டே வருவோம், ரவுண்டு தடங்கல் இல்லாம ஏறி இறங்க ஆரம்பிச்சதும் மேல ரெண்டு கிளிக். அந்த ரெண்டும் மழைக்கும் மண்ணுக்கும்னு உஸ்தாத் சொல்லுவாரு. உதை கம்மியா இருக்கேன்னு தொறந்தே வச்சிருக்கற பசங்களுக்கு ஃபயரிங் நடுவுலயே அடைச்சுக்கும். பக்கத்து ஆள் ரைஃபிளோட ரெகுலேட்டர் செட்டிங் நம்ம ரைஃபிளுக்கு ஒத்தும் வராது.

—

அண்ணே சொன்னது நூத்துக்கு நூறு. நான் மினசோட்டா, இங்க கோடையில 5.56 தோட்டா போட்டு ட்யூன் பண்ணின ரைஃபிள் ஜனவரி குளிர்ல விலை மலிவான, அழுத்தம் கம்மியான .223 போட்டா அடுத்த ரவுண்டு தானா ஏறவே இல்ல. இப்பல்லாம் கைல இருக்கறதுலயே வீக்கான அம்மோ எதுவோ அதை வச்சுத்தான் செட் பண்றேன். இன்னொண்ணு, ஸ்க்ரூவை அப்பப்ப கொஞ்சம் ஆட்டி விடுங்க, கார்பன் ஏறி இறுகிப் போச்சுன்னா ஆலன் கீதான் வளையும்.