ரீபேட்ரியேட்: எங்கள் வீட்டுக்கு இந்தச் சொல் வந்த வழி

ரீபேட்ரியேட் என்றால் ஒருவரைச் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது. எங்கள் வீட்டுக்கு இந்த ஆங்கில வினைச்சொல் அகராதி வழியாக வரவில்லை, அரசாங்கக் கடிதத்தில் வந்தது. அம்மாயியின் அண்ணன் இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். பெரியவர் இந்தியக் கணக்கில் விழுந்தார். கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னார், கப்பலில் ராமேஸ்வரம், அப்புறம் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை. இங்கே கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் வேலை) வெட்டியவர் அங்கேயும் கவ்வாத்துதான் வெட்டினார். அங்கே அவர் பெயர் 'சிலோன்காரர்'.

சொல்லைப் பிரித்தால் 'ரீ' மறுபடி, 'பாட்ரியா' லத்தீனில் தந்தையர் நாடு. டிப்போர்ட் என்பது வெளியேற்றுவதோடு சரி, போகிற இடம் யாருடைய ஊர் என்று கேட்காது. ரீபேட்ரியேட் அப்படியில்லை. உன் சொந்த நாடு எது என்பதை உன்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறது. ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் செயப்பாட்டுவினையாகவே வரும். அனுப்புகிற கை வேறொருவருடையது. தமிழில் 'தாயகம் திரும்பியோர்' ஆனபோது தந்தை தாயானது பெரிய விஷயமில்லை. அந்தக் கை காணாமல் போய், அவர்களே விரும்பித் திரும்பிய மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அதுதான் உறுத்தல்.

அதே சொல் 2020இல் கொரோனா நேரம் மறுபடி வந்தது. கட்டாரில் மாட்டிக்கொண்ட தம்பி போன் எடுத்து, "அண்ணே, ரீபேட்ரியேஷன் பிளைட்ல பேரு வந்திருச்சு" என்று கத்தினான். அன்றைக்கு அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்தார். அவனுக்கு அந்தச் சொல் அளவெடுத்துத் தைத்த சட்டை. பிறந்த ஊருக்குத்தானே வந்தான்!

வங்கிக்காரர்கள் இதைக் காசுக்கும் சொல்வார்கள்: வெளிநாட்டில் ஈட்டிய லாபத்தைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவருவது. வளைகுடா வேலை ஒப்பந்தங்களிலும் இந்தச் சொல்லைப் பார்க்கலாம். வேலை முடிந்து திரும்பும் டிக்கெட் முதல், அங்கே இறந்தால் உடலை ஊருக்கு அனுப்புவது வரை அதற்குள் அடங்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியில் செலவு யார் தலையில் என்று பாருங்கள்.