பேர்புளோரோடெக்கலின் ஊற்றியும் தேயிலைக் கலங்களுக்கு ஒட்சிசன் போதவில்லை: எங்கே பிழை?

கேள்வி (நுவரெலியா):
2 லீற்றர் பயோரியாக்டர் (கலங்களை வளர்க்கும் கலன்). தேயிலைக் கல வளர்ப்பு 1.5 லீற்றர், 25 பாகை. குமிழி விட்டால் நுரை கட்டிக் கலங்கள் சுவரில் ஒட்டுகின்றன. ஆகவே குமிழியை நிறுத்தி, தூய ஒட்சிசன் ஏற்றிய பேர்புளோரோடெக்கலின் (ஒட்சிசனை நிறையக் கரைக்கும், நீரோடு கலவாத கனமான திரவம்) 200 மி.லீ அடியில் விட்டோம். அரை மணி நேரம் கரைந்த ஒட்சிசனை அளக்கும் புரோப் 90 வீதத்துக்கு மேல் காட்டுகிறது. பிறகு சரிகிறது, இடையிடையே துள்ளுகிறது. ஊடகமும் பால்போலக் கலங்குகிறது. கலங்களைக் காக்கும் என்று புளூரோனிக் எஃப்-68 (சவர்க்காரம் போன்ற பரப்பிழுவைப் பொருள்) 0.1 வீதம் சேர்த்திருக்கிறோம். திரவம் பழுதா?

பதில் 1:
திரவத்தில் பழுதில்லை, கணக்குத்தான் இடிக்கிறது. கடல்மட்டத்தில் 100 மி.லீ திரவம் ஏறத்தாழ 40 மி.லீ ஒட்சிசன் பிடிக்கும். உயரமான உங்கள் இடத்தில் வளியமுக்கம் 81 கிலோபஸ்கால் அளவில், எனவே 32 தான், 200 மி.லீ இல் மொத்தம் 64. கலங்கள் லீற்றருக்கு மணிக்கு 2 மில்லிமோல் எடுத்தாலே 1.5 லீற்றருக்கு 70 மி.லீ கிட்டப் போகும். ஒரு மணி நேரத்துக்குள் கையிருப்புக் காலி. ஈமோகுளோபின் மாதிரி இது ஒட்சிசனைப் பிணைத்து வைப்பதில்லை, வெறும் கரைதல்தான்.

அதனால் சுற்றவிட வேண்டும். அடியிலிருந்து பம்பியால் எடுத்து, வெளிப்போத்தலில் ஒட்சிசன் ஏற்றி, மேலிருந்து துளித்துளியாக விடுங்கள். அடர்த்தி 1.9, தானாக இறங்கும். கணக்குப்படி நிமிடத்துக்கு 5 மி.லீ போதும். ஆனால் இறங்கும் நேரத்துக்குள் துளி முழுவதையும் கொடுக்காது. 15 இல் தொடங்குங்கள். சிலிக்கோன் குழாய் பம்பித் தலையில் மட்டும். அதன் சுவர் வழியே ஒட்சிசன் வெளியேறும்.

பதில் 2:
பால்நிறம் எஃப்-68 இன் வேலை. குமிழி உடையும்போது சிதையும் விலங்குக் கலங்களுக்கு அது தேவை. இங்கே திரவத்தை நுண்துளியாக்கி மிதக்க விடுகிறது. அதைச் சேர்க்காதீர்கள். கலக்கி அலகையும் திரவ எல்லையிலிருந்து 3 செ.மீ ஆவது உயர்த்துங்கள்.

துள்ளலுக்குக் காரணம் புரோபின் மென்சவ்வில் ஒட்டும் துளிகள். அப்போது தெரிவது துளிக்குள் உள்ள ஒட்சிசன், ஊடகத்தினது அல்ல. புரோபைத் துளி விழும் பாதையைவிட்டுத் தள்ளி, சரித்து மாட்டுங்கள். இன்னொன்று: அங்கே வளியில் 100 வீதம் என்று சரிசெய்தால் அது லீற்றருக்கு 6.5 மி.கி. கடல்மட்டத்தில் 8.3. வேறு ஆய்வுகூட அளவுகளோடு ஒப்பிடும்போது வீதத்தை நம்பாதீர்கள்.

கேட்டவர்:
கலங்கள் பழுப்பாவதும் இதனாலா? ஓட்டோகிளேவில் (நீராவி அமுக்கக் கலன்) கிருமிநீக்கம் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம், 20 நிமிடம். அது சரிதானே?

பதில் 1:
ஒட்சிசன் கூடினாலும் பழுப்பு வரும். தேயிலையின் பொலிபீனோல் ஒட்சியேறுகிறது. தொழிற்சாலையில் அதையே வேண்டுமென்று செய்கிறார்கள். புரோப் அளவை 40–50 வீதத்தில் வைத்துப் பாருங்கள்.

கிருமிநீக்கம் சரியில்லை. அந்த உயரத்தில் மானி 15 இறாத்தல் காட்டினாலும் உள்ளே 118 பாகைதான். 121 க்கு 18 இறாத்தல் வேண்டும். ஓட்டோகிளேவ் அதைத் தாங்காதென்றால் நேரத்தை இரட்டியுங்கள். பேர்புளோரோடெக்கலினைத் தனிப்போத்தலில், தண்ணீர் சொட்டும் இல்லாமல் வையுங்கள். கலவாத இரண்டு திரவங்களின் ஆவியமுக்கம் கூட்டாக ஏறும். நீராவியைச் சட்டென்று திறந்துவிட்டால் போத்தல் பொங்கிவிடும்.