மறு: ‘அணுகுதடம்’ சரிப்படுமா? ‘தடம்பிடித்தல்’ என்று ஒன்று தோன்றுகிறது

நண்பர்களுக்கு வணக்கம்.

வட்டச்சந்திக்குள் (ரவுண்டானா) நுழையும் முன்பே, போகவேண்டிய வழிக்கு ஏற்ற தடத்துக்கு (லேன்) வந்துவிடுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். ஓட்டுநர் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும்போது இதே இடத்தில்தான் நானும் நின்றுபோனேன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> அணுகுதடம் என்று வைத்துவிடலாம். ஏவுகணை, ஓடுதளம் போல வினைத்தொகை. சுருக்கமாகவும் இருக்கிறது.

ஐயா, இலக்கணத்தில் குறையே இல்லை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் நடுவில் ‘த்’ போடாமல் எழுதியிருப்பதும் சரி (அடுத்த மடலில் ஒருவர் ‘அணுகுத்தடம்’ என்று எழுதியிருக்கிறார், அதைத் திருத்திக்கொள்ளலாம்). எனக்குச் சிக்கல் ‘அணுகு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. இன்றைய தமிழில் நாம் அணுகுவது பெரும்பாலும் ஆட்களை. ‘மேலும் விவரங்களுக்கு அலுவலரை அணுகவும்’ என்று படித்துப் படித்து அந்தச் சொல் அங்கேயே தங்கிவிட்டது. என் முதல் வரைவில் ‘வட்டச்சந்தியை அணுகும்போது சரியான தடத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று எழுதி, வண்டி பழகிக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒருவர், “தேர்ந்தெடுக்கவும் சரி, எப்போது? உள்ளே போன பிறகா?” என்று கேட்டார். இன்னொருவர் கேட்கவில்லை, ஆனால் வட்டத்துக்குள் நுழைந்த பிறகு இடம் பார்த்து மாறிக்கொள்வது என்றே புரிந்துகொண்டிருந்தார். இந்த விதி எதைத் தடுக்க வந்ததோ அதையே என் வரி சொல்லிக்கொடுத்திருக்கிறது. அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை.

அதனால் சொல்லுக்குப் போகும் முன்னால் காரியத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

இரண்டு தடமுள்ள ஒரு வட்டச்சந்தி. நான்கு சாலைகள் வந்து சேர்கின்றன. வேறு குறி எதுவும் சாலையில் இல்லையென்றால் பொதுவான பழக்கம் இதுதான்: முதல் வெளிவழியில் பிரிகிறவர் வெளிப்பக்கத் தடத்தில் வரவேண்டும், நேரே போகிறவரும் பெரும்பாலும் அதிலேயே வரலாம், அதையும் தாண்டிச் சுற்றிப் போகிறவரும் வந்த வழியே திரும்புகிறவரும் நடுத்திட்டை ஒட்டிய தடத்துக்கு வரவேண்டும். தரையில் அம்புக்குறி போட்டிருந்தால் அது சொல்வதே முடிவு. மூன்றாவது வழிக்குப் போகிற ஒருவர் தெரியாமல் வெளிப்பக்கத் தடத்திலேயே சுற்றி வருகிறார் என்று வையுங்கள். அவருக்கு உள்பக்கம் வருகிற வண்டி இரண்டாவது வழியில் வெளியேறத் திரும்பும். திரும்பும் அந்த வண்டிக்கு நேர் குறுக்கே இவர் போய்க்கொண்டிருப்பார். தவறு நடந்தது வட்டத்துக்குள் இல்லை, அதற்கு வெகு முன்னாலேயே நடந்துவிட்டது.

நான்கு முனைச் சாதாரணச் சந்திப்பில் வண்டிகள் ஒன்றோடொன்று முரண்படும் புள்ளிகள் 32 என்றும், ஒற்றைத் தட வட்டச்சந்தியில் 8 என்றும் போக்குவரத்துப் பொறியியலில் கணக்கு சொல்வார்கள். இரண்டு தடம் ஆனதும் அந்த 8 கூடிவிடுகிறது. கூடுகிற புள்ளிகளில் கணிசமானவை இப்படித் தப்பான தடத்தில் வந்தவர்களால் வருபவை. ஆகவே பெயர் வைக்கவேண்டிய பொருள் ஓர் இடம் அல்ல. ஓட்டுநர் முன்கூட்டியே செய்கிற ஒரு செயல். ‘அணுகுதடம்’ அந்த இடத்துக்குப் பெயர் வைக்கிறது, செயல் பெயரில்லாமல் நிற்கிறது.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். பிரிட்டனில் சந்திப்புக்கு முன்னால் வைக்கிற பலகையில் ‘கெட் இன் லேன்’ என்றே இருக்கும். ஜெர்மனில் ‘ஐன்ஓர்ட்னன்’, வரிசைக்குள் உன்னைப் பொருத்திக்கொள் என்ற பொருளில். டச்சுக்காரர்கள் ‘ஃபோர்சோர்டேரன்’ என்கிறார்கள், முன்னாலேயே வகைபிரிந்துகொள்வது. மூன்றுமே வினைகள்! அதிலும் டச்சுச் சொல்லில் ‘முன்’ என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அவர்களுக்கு அது தேவைதான். 1996-ல் நெதர்லாந்தில் வடிவமைத்த டர்போ வகை வட்டச்சந்தியில் தடங்களுக்கு நடுவே சிறு மேடு எழுப்பி, உள்ளே போனபின் தடம் மாற முடியாதபடி செய்துவிடுவார்கள். முன்னால் முடிவெடுக்காதவர் எந்தப் பக்கம் கொண்டுபோய் விடப்படுகிறாரோ அந்தப் பக்கம்தான் போகவேண்டும்.

> ‘தடத்தேர்வு’ போதாதா?

தலைப்புக்குப் போதும், கையேட்டில் அத்தியாயப் பெயராக நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது மனதுக்குள் நடப்பது. தேர்ந்தெடுத்துவிட்டு அந்தத் தடத்துக்கு வராமலே ஒருவர் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறவர் வாய் திறந்து “தடத்தேர்வு செய்!” என்று சொல்வாரா? மாட்டார். ஓடுகிற வண்டியில் சொல்ல முடியாத சொல், ஓட்டுநர் கையேட்டில் எவ்வளவு அழகாக அச்சானாலும் எனக்குத் திருப்தி இல்லை.

என் பரிந்துரை: தடம்பிடித்தல்.

வழி கேட்டால் நம் ஆட்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். “இந்த ரோட்டைப் பிடிச்சு நேரா போங்க” என்பார்கள். சாலையைப் பிடிப்பது, வழியைப் பிடிப்பது எல்லாம் நம் பேச்சில் ஏற்கனவே இருக்கிறது. அதற்குள் ‘போகவேண்டிய ஊரை மனதில் வைத்து இப்போதே இதில் சேர்’ என்கிற பொருளும் இருக்கிறது. நமக்கு வேண்டியது அதே பொருள்தான். “உள்தடம் பிடி”, “முன்னாடியே தடம் பிடிச்சுக்கோ” என்று யாரும் தயங்காமல் சொல்லலாம், எழுத்திலும் ‘வட்டச்சந்திக்கு முன்பே தடம்பிடிக்கவும்’ என்று கட்டளையாக நிற்கும், பலகையில் இரண்டே சொல்லாக ‘தடம் பிடிக்கவும்’ என்று போடலாம்.

இதற்கு வரக்கூடிய எதிர்ப்பும் எனக்குத் தெரிகிறது. ‘இடம்பிடித்தல்’ என்றால் முண்டியடிப்பது நினைவுக்கு வரும், அந்த வாடை இதிலும் ஒட்டுமே என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் ‘தடங்கொள்ளல்’ என்று ஒருநாள் முழுக்க எழுதிப் பார்த்தேன். கேட்க நன்றாக இருந்தது, ஆனால் கட்டளையாக்கினால் ‘தடம்கொள்’ என்று செய்யுள் போல ஆகிவிடுகிறது, பழகுகிறவர் அதை இன்னொருவரிடம் சொல்லமாட்டார். ‘பிடி’ என்பதில் அவசரம் கட்டாயம் இல்லை. ராகம் பிடிக்கிறோம், குழந்தையின் கையைப் பிடிக்கிறோம், அவற்றில் எல்லாம் நிதானம்தான் இருக்கிறது. ‘அடம்பிடித்தல்’ என்பதோடு ஓரெழுத்துதான் வித்தியாசம் என்றும் சொன்னார்கள். இடம்பிடித்தலுக்கும் அதே ஓரெழுத்துதான், அதனால் யாரும் குழம்பியதில்லை.

அப்புறம், ‘தடம் மாறுதல்’ பற்றிக் கேட்டிருந்த நண்பருக்கு: வழி தவறிப்போவது என்ற வழக்குப் பொருள் அதற்கு இருப்பது உண்மை. நெடுஞ்சாலையில் முறையாகச் செய்கிற மாற்றத்தை அப்படிச் சொல்ல அவருக்குத் தயக்கம், எனக்கும் தான். வட்டச்சந்தி அத்தியாயத்தில் மட்டும் அந்தப் பொருள் நமக்கு உதவவே செய்கிறது. ‘முன்பே தடம்பிடி, உள்ளே தடம் மாறாதே’ என்று எழுதியபோது இரண்டு சொல்லும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இன்னும் ஒன்று, இதில் நான் உறுதியாக இருக்கிறேன். இழையின் சொற்பட்டியலில் இடத்தடம், வலத்தடம் என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், வட்டத்தை வலஞ்சுழியாகச் சுற்றுகிறோம், நடுத்திட்டை ஒட்டியது வலத்தடம். கனடாவிலும் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இருக்கிற தமிழர்களுக்கு எல்லாமே தலைகீழ், அங்கே நடுத்திட்டை ஒட்டியது இடத்தடம். ஒரே கையேட்டை இரண்டு கூட்டமும் படித்தால் பாதிப் பேருக்கு நாம் எதிர்த்தடத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம். போதாததற்கு ‘இடம்’ என்றால் இடப்பக்கமா, ஓர் இடமா என்ற பழைய குழப்பம் வேறு. உள்தடம், வெளித்தடம் என்று வைத்தால் எந்த நாட்டிலும் அதே வரி பொருந்தும். உள் + தடம் பழைய புணர்ச்சிப்படி ‘உட்டடம்’ ஆகவேண்டும் என்று யாராவது சொல்லக்கூடும். உள்துறை என்று எல்லோரும் எழுதுகிறோமே, அதுபோல உள்தடம் என்றே விட்டுவிடுவோம்.

‘ரவுண்டானா’வா ‘வட்டச்சந்தி’யா ‘சுற்றுவட்டம்’ஆ என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. மூன்றும் புரிகிறது, கையேட்டின் முதல் பக்கத்தில் மூன்றையும் சேர்த்தே தருகிறேன்.

‘அணுகுதடம்’ முழுக்க வீண் என்றும் நான் சொல்லவில்லை ஐயா. வரைபடத்தில் வழிவிடுகோட்டுக்கு (வட்டத்துக்குள் நுழையும் முன் வழிவிடவேண்டிய கோடு) முன்னால் உள்ள பகுதியைக் காட்ட ஒரு பெயர் வேண்டும், பொறியாளர்களுக்கான பட்டியலில் அங்கே அது சரியாக உட்காரும். ஓட்டுகிறவருக்குத் தடம்பிடித்தல், வரைகிறவருக்கு அணுகுதடம் என்று இரண்டையும் வைத்துக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா?

கையேட்டின் இந்த அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பிடி’யை விட எளிதான ஒரு வினை யாருக்காவது தோன்றினால் அதற்குள் எழுதுங்கள், நான் மாற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்