அகதிச் சிறுவர்களைப் பற்றிய படக்கதைகள் தேவை

வணக்கம். சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். பெரும்பாலும் 7 முதல் 10 வயது. போன வாரம் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், பசார் பக்கம் இருக்கிற ரோஹிங்கியா பையன் ஏன் எங்க ஸ்கூலுக்கு வர்றதில்ல?"

ரோஹிங்கியாக்கள் மியன்மாரிலிருந்து தப்பி வந்தவர்கள், அகதிகளைக் காக்க நாடுகள் செய்துகொண்ட 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை, அதனால் அகதிப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர முடிவதில்லை, சமூகக் கல்வி மையங்கள்தான் வழி என்று சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை. படமாகப் பார்த்தால் புரியும் என்று தோன்றியது.

தமிழிலோ மலாயிலோ நல்ல படக்கதைகள் தெரிந்தால் சொல்லுங்கள். சொற்களே இல்லாத படப் புத்தகம் என்றால் இன்னும் நல்லது, அந்தப் பையனையும் அழைத்து உட்கார வைக்கலாம். குண்டும் ரத்தமும் வேண்டாம். புறப்படும்போது பையில் எதை எடுத்து வைத்தான், புது ஊரில் யாரோடு விளையாடினான், அப்படிப்பட்ட கதை வேண்டும். பாவம் என்று பார்க்க வைக்கும் கதையும் வேண்டாம்.

அப்புறம், 1942-43இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட ஜப்பானியர்கள் நம் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்களே, அப்பா திரும்பி வராத பிள்ளைகளின் கதைகள் உங்கள் வீட்டிலும் இருக்கும். அது அகதி வாழ்க்கை இல்லைதான். ஆனால் தாத்தா பாட்டி சொன்னதிலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் சட்டென்று ஒட்டிக்கொள்வார்கள். அதை எழுதித் தர யாராவது முன்வருவீர்களா? படம் வரையத் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். தாள், வண்ணச் செலவு என்னுடையது.