ஸ்டெபிலைசர் கம்பெனியும் வொண்டர்லாவும் ஒன்றா?

தண்டையார்பேட்டைவாசி:
வீட்டில் ஒரு சின்ன சண்டை, தீர்த்து வையுங்கள். திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்திருக்கும் வொண்டர்லாவுக்குப் போகணும் என்று பையன் ஒற்றைக் காலில் நிற்கிறான். அப்பா சாவகாசமாக, "அது நம்ம ஃபிரிட்ஜ் மேல இருக்கிற டப்பா கம்பெனிக்காரன் பார்க்குதான்டா" என்கிறார். அவர் சொல்வது எங்கள் பழைய வி-கார்ட் ஸ்டெபிலைசரை. பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான், எனக்கும் நம்பிக்கை இல்லை. வோல்டேஜுக்கும் ரோலர் கோஸ்டருக்கும் என்ன சம்பந்தம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே இன்னொன்று, சென்னையில் எந்த பார்க் வந்தாலும் ஏன் தெற்கிலேயே வருகிறது? வடசென்னைக்காரர்கள் நாங்கள் என்ன பாவம் செய்தோம்?

பழைய_மெக்கானிக்:
அப்பா சொன்னதுதான் சரி தம்பி, பையனை மன்னிப்பு கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டையும் ஆரம்பித்தவர் ஒரே ஆள்தான், திருச்சூர் பக்கத்துக்காரர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி. இயற்பியல் படித்துவிட்டு ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். 1977இல் அப்பாவிடம் ஒரு லட்சம் கடன் வாங்கி வி-கார்டைத் தொடங்கினார். நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை செய்தவன். அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு நாலைந்து ஸ்டெபிலைசராவது மேசைக்கு வரும். மூடியைக் கழற்றினால் பாதி கேஸ் ரிலே காண்டாக்ட், அதாவது உள்ளே இருக்கும் தானியங்கி சுவிட்சின் முனை, கருகியதுதான், உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தாலே ஓடும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிய ஆரம்பித்ததும் முள் சரசரவென்று இறங்கும், டப்பா 'டக்', 'டக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். பேசின் பிரிட்ஜ், எண்ணூர் என்று பவர் ஹவுஸ் எல்லாம் நம்ம பக்கம், லோ வோல்டேஜும் நமக்கே. இதை எங்கே போய்ச் சொல்வது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டெபிலைசரில் நன்றாகக் காலூன்றிய பிறகு 2000இல் கொச்சிக்குப் பக்கத்தில் வீகாலேண்ட் என்று ஒரு பார்க் கட்டினார், பெயரிலேயே வி-கார்ட் வாசனை அடிக்கும். 2005இல் பெங்களூர் பக்கம் பிடதியில் ஒன்று, அதற்குத்தான் வொண்டர்லா என்று பெயர். பிறகு கொச்சி பார்க்கும் அதே பெயருக்கு மாறிவிட்டது. கிறுக்குத்தனம் என்று அப்போது நினைத்தேன், ஆனால் யோசித்துப் பாருங்கள், பார்க் நடத்துவதில் பாதி வேலை மோட்டார், பம்ப், பேனல் போர்டுதான். ராட்டினங்களில் சிலதை வெளியே வாங்காமல் கொச்சியில் தாங்களே செய்துகொள்கிறார்கள். மெக்கானிக் புத்தி!

பெரம்பூர்_ரயில்:
அண்ணன் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். ஆரம்பித்தவர் ஒருவர்தான், ஆனால் கம்பெனி ஒன்று இல்லை. வி-கார்ட் 2008இல் தனியாகப் பங்குச் சந்தைக்கு வந்தது. வொண்டர்லா 2014இல் வந்தது, பங்கு 125 ரூபாய்க்கு விற்றார்கள். எனக்கு அலாட்மென்ட் கிடைக்கவில்லை, அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது. ஒரு மகன் மிதுன் ஸ்டெபிலைசரைப் பார்க்கிறார், இன்னொரு மகன் அருண் பார்க்கைப் பார்க்கிறார். ஆகவே உங்கள் அப்பாவுக்கு நூற்றுக்கு எண்பது மார்க்.

ஹைதராபாத் 2016, புவனேஸ்வர் 2024, நம்முடையது 2025 டிசம்பர், கணக்கில் ஐந்தாவது. இவ்வளவு தாமதத்துக்குப் பெரிய காரணம் கேளிக்கை வரி. டிக்கெட்டில் 10 சதவீதம் உள்ளாட்சி வரி என்றால் கட்டாது என்று, இடத்தை வாங்கிப் போட்டுவிட்டுப் பல வருடம் சும்மா வைத்திருந்தார்கள்.

கிஷ்கிந்தா_வானரம்:
வொண்டர்லாவுக்கு முன்னாடியே ஒரு மலையாளி இங்கே வந்து கலக்கிவிட்டுப் போனாரே, அவரை விட்டுவிட்டீர்களே. தாம்பரம் கிஷ்கிந்தா பார்க்! அதைக் கட்டியவர் நவோதயா அப்பச்சன், 1984இல் இந்தியாவின் முதல் 3டி படத்தைத் தயாரித்த அதே ஆள்.

எங்கள் ஸ்கூலில் டூர் என்றாலே கிஷ்கிந்தாதான். ராயபுரத்தில் இருந்து விடியற்காலையில் பஸ், ஆளுக்கொரு புளிசாதப் பொட்டலம். அலைக்குளத்தில் மணி அடித்ததும் அலை வரும், எல்லோரும் ஓவென்று கத்துவோம். இத்தனைக்கும் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் காசிமேட்டில் நிஜக் கடல், அதில் கால் வைத்தால் அம்மா முதுகில் போடுவாள், இதற்கு மட்டும் காசு கட்டி அனுப்பினாள். திரும்பும்போது ஈர நிக்கரோடு உட்கார்ந்து பஸ் சீட்டெல்லாம் நாசம். டிரைவர் திட்டிய திட்டு மட்டும் அப்படியே ஞாபகம் இருக்கிறது, இங்கே எழுத முடியாது.

பழைய_மெக்கானிக்:
வானரம் தம்பி சொன்னதும் வி.ஜி.பி. ஞாபகம் வந்துவிட்டது. பன்னீர்தாஸ் அண்ணாச்சி ரேடியோ, ஃபிரிட்ஜ் எல்லாம் தவணையில் கொடுத்துப் பெரிய ஆளானவர், அப்புறம் ஈசிஆரில் கோல்டன் பீச். அசையாமல் நிற்கும் சிலை மனிதனைச் சிரிக்க வைக்க என் தம்பி அரை மணி நேரம் குரங்கு சேட்டை செய்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஆக ஃபிரிட்ஜைத் தவணையில் விற்றவர் ஒரு பார்க், அந்த ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் விற்றவர் ஒரு பார்க். ஏசி விற்கிறவர் யாராவது மணலி பக்கம் வந்தால் உண்டு.

பெரம்பூர்_ரயில்:
ஏன் தெற்கிலேயே என்று கேட்டீர்களே, நிலம்தான் விஷயம். சென்னை பார்க்குக்கு மட்டும் 60 ஏக்கருக்கு மேல் வேண்டியிருந்தது. நம்ம பக்கம் அவ்வளவு இடம் எங்கெல்லாம் ஒரே துண்டாக இருந்ததோ, அங்கெல்லாம் துறைமுகம், எண்ணெய் ஆலை, சாம்பல் குளம் என்று முன்னாடியே வந்து உட்கார்ந்துவிட்டன. எஞ்சியது நமக்குப் பொங்கலுக்குத் தீவுத்திடல் பொருட்காட்சி. டெல்லி அப்பளமும் ஜெயன்ட் வீலும் போதாதா?

தண்டையார்பேட்டைவாசி:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், எண்பது மார்க் என்றதும் முகம் சுருங்கிவிட்டது, மீதி இருபது எங்கே என்று கேட்கிறார். பையன் ஸ்டெபிலைசரைத் துடைத்துவிட்டுத் திரும்ப ஃபிரிட்ஜ் மேலேயே வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கும் என்பதால் வேலை நாளில் லீவு போட்டுப் போகலாம் என்று முடிவு. இங்கிருந்து மெட்ரோவில் ஏர்போர்ட் வரை போய் அங்கிருந்து வண்டி பிடிப்பது நல்லதா, நேராக பாரிமுனையில் திருப்போரூர் பஸ் ஏறிவிடலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.